வண்டிப் புகை மறுபடியும் பெட்ரோல் ஆகுமா? வினையூக்கி செய்யும் வேலை என்ன?

குமணன்சாவடி சிக்னலில் நிற்கும் ஒரு பைக் 1 லிட்டர் பெட்ரோலை எரித்தால், சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலில் இருந்து இவ்வளவா? ஆமாம். காற்றில் உள்ள ஆக்சிஜனும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்த வாயுவை மறுபடியும் எரிபொருளாக மாற்ற முடியுமா?

புகையை எங்கே பிடிப்பது?

ஓடும் வண்டியில் பிடிப்பது கஷ்டம். ஆலைப் புகைபோக்கிதான் வசதி. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, 2016-ல் நிலக்கரி பாய்லர் புகையில் இருந்து ஆண்டுக்கு சுமார் 60,000 டன் பிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அங்கே கிடைப்பது எரிபொருள் இல்லை, சோடா உப்பு.

வினையூக்கி எதற்கு?

கார்பன் டை ஆக்சைடு லேசில் வினைபுரியாது. அதை ஹைட்ரஜனோடு சேர்த்து, தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கி மேல், 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில், அதிக அழுத்தத்தில் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கும். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், தான் செலவாகாது. மெத்தனாலை ஜியோலைட் என்ற இன்னொரு வினையூக்கி பெட்ரோலாக மாற்றும்.

இந்தியாவில் நடக்கிறதா?

மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில், நாளொன்றுக்கு 10 டன் மெத்தனால் தயாரிக்கும் ஆலையை என்டிபிசி அமைத்துள்ளது. ஐஸ்லாந்தில் 2012-லேயே இதுபோன்ற ஆலை வந்துவிட்டது.

அப்புறம் ஏன் பங்க்கில் கிடைக்கவில்லை?

சிக்கல் ஹைட்ரஜனில்தான். 1 டன் மெத்தனாலுக்கு சுமார் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும், 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. தண்ணீரில் மின்சாரம் செலுத்தி 1 கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஆக, 1 டன்னுக்கு 9,000 யூனிட்டைத் தாண்டிவிடும்.

நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதாவது 1.4 டன்னைப் பயன்படுத்த, சுமார் 9 டன்னைப் புதிதாக வெளியேற்ற வேண்டியிருக்கும். சூரியசக்தி, காற்றாலை மின்சாரம் என்றால்தான் லாபம்.

அதனால் 'புகையில் இருந்து பெட்ரோல்' என்று அடுத்த முறை செய்தி வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஹைட்ரஜன் எந்த மின்சாரத்தில் வந்தது?