அடிக்குறிப்பால் வந்த சண்டை

ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய வரலாற்றின் முதல் தொகுதி 1776-இல் லண்டனில் வெளிவந்தது. ஆதாரக் குறிப்புகள் எல்லாம் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறதே என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு வந்த பதிப்பில் குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டன.

கிறிஸ்தவம் பரவிய விதத்தைச் சொல்லும் 15, 16-ஆம் அத்தியாயங்கள் பலருக்குக் கோபமூட்டின. 1778-இல் ஹென்றி எட்வர்ட்ஸ் டேவிஸ் என்ற ஆக்ஸ்போர்டு இளைஞர், கிப்பன் ஆதாரங்களைத் தவறாகக் காட்டியிருக்கிறார், பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறார் என்று தனி நூலே போட்டார். அடுத்த ஆண்டே கிப்பன் பதில் நூல் எழுதி, அந்தக் குற்றச்சாட்டுகளை வரிசையாக எடுத்து மறுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த நூலிலிருந்து எடுத்தது என்று கிப்பனே எழுதி வைத்திருந்ததால்தான் டேவிஸால் அவரைச் சோதிக்க முடிந்தது. கிப்பன் தன்னைக் காத்துக்கொள்ளக் கைகொடுத்ததும் அதே குறிப்புகள்தான்!

ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்க எண் எல்லாம் கேட்பது இதற்காகத்தான். அவற்றைச் சரியாக எழுதுகிற மாணவர், தன்னை மறுக்கும் வழியையும் வாசகர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். அதனால்தான் அவர் எழுத்தை நம்ப முடிகிறது.