ஓடத்தின் நடுவே ஒரு நெருப்பு

அமெரிக்காவின் ஆதி நாட்களைப் பேசும் புத்தகங்களில் அடிக்கடி எதிர்ப்படும் படம் அது. ஒற்றை மரத்தைக் குடைந்த நீண்ட ஓடம். இரு முனையிலும் நிற்கும் இருவர், நடுவே குந்தியிருக்கும் இருவர், அவர்களுக்கு இடையில் சிறு நெருப்பு. சுற்றிலும் தெளிந்த நீர், நீருக்குள் மீன்கள். வண்ணம் மட்டும் வெளிறிக் கிடக்கும். நானூறு வருஷத்துப் படம் மங்கத்தானே செய்யும் என்று பார்ப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அந்த வண்ணம் வயதால் மட்டும் வெளிறியதல்ல. அது வேறொரு இடத்துக்குக் குடிபோயிருந்தது.

1585 ஏப்ரல் 9. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏழு கப்பல்கள் பாய் விரித்தன. அனுப்பியவர் சர் வால்டர் ராலே. தலைமை ஏற்றவர் சர் ரிச்சர்ட் கிரென்வில். படைவீரர்களும் மாலுமிகளும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் வாளை நம்பாத இருவர் இருந்தனர். ஒருவர் கணித மேதை தாமஸ் ஹாரியட். முந்தைய ஆண்டு லண்டனுக்கு வந்திருந்த மாண்டியோ என்ற பழங்குடி இளைஞரோடு பழகி, அவருடைய அல்கான்கியன் மொழியையும் கற்றவர். மற்றவர் ஓவியர் ஜான் வொயிட். ஹாரியட் எழுத வேண்டும், வொயிட் வரைய வேண்டும். புது நாட்டின் மீனையும் மரத்தையும் மனிதரையும் லண்டனில் உட்கார்ந்திருப்பவர்கள் நேரில் கண்டதுபோல் நம்ப வேண்டும். நம்பினால்தான் அடுத்த கப்பலுக்குப் பணம் வரும். ஆனால் கரை தெரிந்ததுமே கடல் தன் கணக்கைத் தொடங்கியது.

இன்றைய வட கரோலினாவின் கரையோரம் நீண்ட மணல் திட்டுகளால் ஆனது. திட்டுகளுக்கு இடையே ஆழமில்லாத முகத்துவாரங்கள். ஜூன் 29 அன்று அதில் நுழைய முயன்ற தலைமைக் கப்பல் ‘டைகர்’ தரைதட்டியது. அலைகள் அதைத் தூக்கித் தூக்கி மணலில் அறைந்தன. கப்பல் தப்பியது, குளிர்காலத்துக்கென்று ஏற்றிவந்த உணவு உப்புநீரில் ஊறிப் பாழானது. இனி அந்தக் கூட்டம் சாப்பிட வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் தயவு வேண்டும்.

ஜூலையில் படகுகள் உப்பங்கழியைக் கடந்து உள்ளே போயின. அவற்றில் ஒன்றில் வொயிட் இருந்தார். பாமெய்யோக், செக்கோட்டான் என்று ஊர் ஊராகப் பார்த்தார். பாய் வேய்ந்த நீள்வீடுகள், சோள வயல்கள், கம்பங்களைச் சுற்றி நடந்த ஆட்டம், குழந்தையை முதுகில் சுமந்த தாய் என அவர் கைக்கு ஓய்வில்லை. அதே பயணத்தில் வெள்ளையரின் வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணாமல் போனது. அக்வாஸ்கோகாக் ஊரார்தான் எடுத்தார்கள் என்று முடிவுகட்டிய கிரென்வில்லின் ஆட்கள், ஊரையும் விளைந்து நின்ற சோளத்தையும் கொளுத்தினர். ஓவியர் வந்த அதே பயணத்தில் தீவட்டியும் வந்தது. அந்தத் தீ மறக்கப்படவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்தக் கழியின் மீன்பிடிப்புதான் வொயிட்டை மிகவும் கவர்ந்தது. நாணலையும் கழிகளையும் நட்டு மீனை மடக்கும் நீண்ட அடைப்பு, இடுப்பளவு நீரில் நின்று மீனைக் குத்தும் ஈட்டி, இரவில் மீனை வெளிச்சத்துக்கு இழுக்க ஓடத்திலேயே மூட்டும் நெருப்பு. இரும்பே அறியாத அந்த மக்கள் குதிரைலாட நண்டின் வாலை ஈட்டி முனையாக்கியிருந்தனர். வொயிட் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்தார். பகலில் நடப்பதும் இரவில் நடப்பதும் ஒரே வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக நின்றன. ஓடத்தின் அடியில் கொம்பன் சுறா நீந்தியது, குதிரைலாட நண்டு ஊர்ந்தது. ஒரு கடற்கரையின் முழு வாழ்க்கையும் ஒரு தாளில் அடங்கியது. அந்தத் தாள் கப்பலேறுவதற்குள் அந்த வாழ்க்கையே கலையத் தொடங்கிவிட்டது.

அந்தக் கரையின் ரோனோக் தீவில் குடியேறித் தங்கிய 107 பேருக்கும் குளிர்காலத்தில் பசி வந்தது. பசி பகையாயிற்று. 1586 ஜூன் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அப்பகுதித் தலைவர் விங்கினாவின் தலையை வெட்டினர். அடுத்த சில நாட்களில் சர் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல் வரிசை அங்கே வந்து நின்றது. பின்னாலேயே கடும் புயல். ஊர் திரும்பினால் போதும் என்று எல்லோரும் படகுகளில் ஏற, சிக்கிய படகை இலகுவாக்க மாலுமிகள் பெட்டிகளைக் கடலில் வீசினர். வரைபடங்கள், புத்தகங்கள், குறிப்புகள் என்று ஓராண்டு உழைப்பில் பெரும்பகுதி நீரில் போனது. வொயிட்டின் மூலப்படிகள் முழுதும் போய்விடவில்லை. ஓவியத்தைக் கொல்ல வந்த முதல் தண்ணீர் இப்படித் தோற்றது. இன்னொன்று காத்திருந்தது.

களத்தில் தீட்டியவற்றைப் பார்த்து வொயிட் நல்ல தாளில் செம்மையாக மறுபடி வரைந்தார். கரிக்கோலால் மெல்லிய கோடு, அதன்மேல் பிசினில் குழைத்த நீர்வண்ணம், மின்ன வேண்டிய இடத்தில் பொன் தொட்ட தூரிகை. பிசின்தான் வண்ணத்தைத் தாளோடு பிடித்து வைத்திருக்கும். மீண்டும் நீர் பட்டால் அதே பிசின் இளகிவிடும். நீர்வண்ண ஓவியத்தின் உயிரும் அதுதான், ஆபத்தும் அதுதான். அந்த ஓவியங்களின் மீது வொயிட் வைத்த நம்பிக்கை அவரையே திரும்ப அதே கரைக்கு இழுத்தது.

1587-இல் ஏறத்தாழ 115 பேருடன், பெண்களும் சிறுவர்களும் அடங்கிய குடியேற்றத்துக்கு அவரே ஆளுநர். மகள் எலினாரும் மருமகன் அனனியாஸ் டேரும் உடன் வந்தனர். இறங்கிய சில நாட்களிலேயே ஜார்ஜ் ஹவ் என்பவர் ஆழமில்லாத நீரில் தனியே நண்டு பிடித்துக்கொண்டிருந்தபோது அம்புகளால் கொல்லப்பட்டார். பழைய தீயும் பழைய வெட்டும் மறக்கப்படவில்லை. ஆகஸ்ட் 18 அன்று எலினாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வர்ஜீனியா டேர் என்று பெயரிட்டனர். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயருக்குப் பிறந்த முதல் குழந்தை. பேத்திக்கு ஒன்பது நாள் ஆனபோது, உணவும் உதவியும் கொண்டுவர வொயிட் கப்பலேறினார். கிளம்பும் முன் ஓர் ஏற்பாடு: இடம் மாறினால் போகும் ஊரின் பெயரை மரத்தில் செதுக்க வேண்டும், ஆபத்து என்றால் மேலே சிலுவைக் குறி. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

1588-இல் ஸ்பெயினின் பெருங்கடற்படை இங்கிலாந்தை நோக்கி வந்தது. கப்பல்களெல்லாம் போருக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டன. எப்படியோ இரண்டு சிறு கலங்களைப் பிடித்துப் புறப்பட்ட வொயிட்டை நடுக்கடலில் பிரெஞ்சுக் கொள்ளையர் தாக்கினர். காயங்களோடு திரும்பினார். 1590-இல்தான் மறுபடி வழி பிறந்தது. முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்து ஏழு பேர் மாண்டனர். இருட்டில் ரோனோக் தீவை நெருங்கியபோது தூரத்தில் நெருப்பு தெரிந்தது. எக்காளம் ஊதினர், பழகிய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினர். பதில் இல்லை. ஆகஸ்ட் 18 காலையில் இறங்கினர். பேத்திக்கு அன்று மூன்றாவது பிறந்த நாள்.

எரிந்தது புல்லும் பட்ட மரமும்தான். வீடுகள் கழற்றப்பட்டிருந்தன. ஒரு மரத்தில் மூன்று எழுத்துகள். வாசல் கம்பத்தில் முழுப் பெயர்: குரோட்டோவன். அது மாண்டியோவின் மக்கள் வாழ்ந்த தீவு. சிலுவைக் குறி இல்லை. வொயிட்டுக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் கண்டது, குழியிலிருந்து தோண்டி எடுத்து உடைக்கப்பட்ட அவருடைய சொந்தப் பெட்டிகள். புத்தகங்கள் கிழிந்து கிடந்தன, கவசம் துருவேறியிருந்தது, சட்டமிட்ட படங்களும் வரைபடங்களும் மழையில் அழுகியிருந்தன. மறுநாள் குரோட்டோவன் போகலாம் என்றிருந்தபோது புயல் நங்கூரங்களைப் பறித்தது. கப்பல் கிழக்கே திரும்பியது. மகளையும் பேத்தியையும் அவர் அதன்பின் பார்க்கவே இல்லை.

தீவில் அவருடைய படங்கள் அழுகிக் கிடந்த அதே 1590-இல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அதிசயம் ஒன்று நடந்தது. தியோடர் டி பிரை என்ற பதிப்பாளர், ஹாரியட்டின் நூலை வொயிட்டின் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய செப்புத்தகட்டுப் படங்களோடு நான்கு மொழிகளில் வெளியிட்டார். ஓடமும் நெருப்பும் ஐரோப்பா முழுதும் பரவின. செதுக்கியவர்களின் கையில் மீனவர்களின் முகங்கள் ஐரோப்பிய முகங்களாயின. அடுத்த இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் பெரும்பாலும் நகல்களின் நகலைத்தான் பார்த்தது. வொயிட் 1593-இல் அயர்லாந்திலிருந்து எழுதிய கடிதம் ஒன்றோடு வரலாற்றிலிருந்து மறைந்தார். அவருடைய அசல் ஓவியங்களோ ஒரு தொகுப்பேட்டுக்குள் உறங்கின.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏடு சார்லமான்ட் பிரபுவின் நூலகத்துக்குப் போயிருந்தது. 1865-இல் அந்த நூலகம் ஏலத்துக்கென்று லண்டன் சோதபிஸ் நிறுவனத்துக்கு வந்தது. ஏல நாளுக்கு முன்பே ஒரு நாள் கிடங்கில் தீப்பற்றியது. தேதி ஜூன் 29. இடையில் நாட்காட்டியே மாறியிருந்தாலும், சரியாக 280 ஆண்டுகளுக்கு முன் ‘டைகர்’ தரைதட்டிய அதே தேதி. தீயணைப்போர் தண்ணீரைப் பீய்ச்சினர். வொயிட்டின் ஏட்டைத் தீ தொடவில்லை. தண்ணீர் தொட்டுவிட்டது.

நனைந்து ஊறிய ஏடு, மற்ற புத்தகங்களின் பாரத்தின் கீழ் மூன்று வாரம் நசுங்கிக் கிடந்தது. உள்ளே பிசின் இளகியது. எடுத்துப் பிரித்தபோது, ஒவ்வோர் ஓவியத்துக்கும் எதிரே செருகியிருந்த வெற்றுத் தாள்கள் வெற்றாக இல்லை. வண்ணத்தில் ஒரு பகுதி எதிர்த் தாளில் ஒட்டி, அங்கே இன்னொரு படம் பிறந்திருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய இரட்டை, அதாவது ஓர் ஒற்றுப்படம். கெட்டது என்று கருதி யாரும் அவற்றைக் குப்பையில் போட்டிருக்கலாம். நல்லவேளையாக, ஏட்டை வாங்கிய புத்தக வணிகர் ஹென்றி ஸ்டீவன்ஸ் ஓர் ஒற்றுப்படத்தையும் வீசவில்லை. அசல்களை ஓர் ஏடாகவும் ஒற்றுகளை இன்னோர் ஏடாகவும் கட்டினார். 1866-இல் இரண்டையும் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது.

கதை அங்கேயும் முடியவில்லை. அதே தொகுப்பில் வொயிட் தீட்டிய கரையோர வரைபடம் ஒன்று உண்டு. அதில் அவர் காலத்திலேயே ஒட்டப்பட்ட சிறு தாள் ஒட்டு. 2012-இல் அதை அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்த்தபோது, மறைந்திருந்த ஒரு கோட்டையின் குறி தெரிந்தது. காணாமல் போன குடியேறிகள் போயிருக்கக்கூடிய இடமோ என்று அங்கே மண்ணைத் தோண்டத் தொடங்கினர்.

புத்தகங்களில் வெளிறிக் கிடக்கும் மீன்பிடி ஓடத்தின் கதை இதுதான். லண்டனில் 70-க்கும் மேற்பட்ட அந்த ஓவியங்கள் ஒரு தொகுப்பு, அவற்றின் நிழல்கள் இன்னொரு தொகுப்பு. அசலில் மங்கிய சில நுணுக்கங்களை இன்றும் ஒற்றில் தேடிக் காண்கிறார்கள். பெற்ற மகளைத் தேடிக் கிடைக்காத ஒருவர், எரிந்துபோன ஊரின் அண்டை ஊராரை, அவர்களுடைய முகத்தோடும் வலையோடும் நெருப்போடும் காப்பாற்றி வைத்திருக்கிறார். கப்பலை மணலில் அறைந்த தண்ணீர், குறிப்புகளை விழுங்கிய தண்ணீர், சட்டமிட்ட படங்களை அழுகவைத்த தண்ணீர், கடைசியில் அவர் பக்கம் சேர்ந்து, எடுத்த வண்ணத்தை எதிர்ப்பக்கத்தில் பத்திரமாக வைத்தது.