மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: ஆன்லைன் பயிற்சிக்கு ஃபீஸ் கட்டும் முன்

அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, மருத்துவ அறிக்கையாக டைப் செய்யும் வேலை இது. அங்கே ராத்திரி, இங்கே பகல். காலையில் அறிக்கை ரெடி என்பதால்தான் 1990-களில் இந்தியாவுக்கு வந்தது. சம்பளம் பெரும்பாலும் வரிக்கணக்கு: இடைவெளியும் சேர்த்து 65 ஆங்கில எழுத்து, ஒரு வரி. 'ஹைப்பர்டென்ஷன்' 'ஹைப்போடென்ஷன்' ஆனால் நோயே தலைகீழ்! அதனால் காதுதான் முக்கியம், டைப்பிங் வேகம் அப்புறம்தான்.

இப்போது முதல் வரைவைப் பல இடங்களில் மென்பொருளே எழுதுகிறது. குரலறி மென்பொருள் நிறுவனமான நுவான்ஸை மைக்ரோசாஃப்ட் 2022-ல் வாங்கிவிட்டது. மனிதருக்கு மிஞ்சுவது பிழைதிருத்தம். அதற்கு வரிக்குக் காசும் குறைவு.

கிராமத்திலிருந்தே படிக்கலாம், 'வேலை கேரண்டி' என்று விளம்பரம் வந்தால் கேளுங்க: எடிட்டிங் சொல்லித் தருவீங்களா? நிஜ டாக்டர்களின் டிக்டேஷன் எத்தனை மணி நேரம்? வேலைக்கு டெபாசிட் கேட்டால், கட்டாதீங்க.