கொடுமணல்: ஓர் ஆற்றங்கரை ஊரின் பூகோளமும் சரித்திரமும்

ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர் இருந்தால் அதை உண்டாக்கியது ஆறே என்று எழுதிவிடுவது நம் சரித்திர ஆசிரியர்களிடையே நெடுநாள் வேரூன்றிய வழக்கம். காவிரிக் கழிமுகத்து ஊர்களுக்குப் பொருந்துகின்ற இவ்விதியை, ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் நொய்யலின் வடகரையிலே உள்ள கொடுமணல் என்னும் சிற்றூருக்கும் அப்படியே ஏற்றிச் சொல்பவர்கள், அவ்வூரின் சரித்திரத்தை அடியிலேயே பிழைபட உணர்கிறார்கள் என்பது என் துணிபு. நொய்யல் அவ்வூருக்கு இடம் கொடுத்தது. வாழ்வு கொடுத்தவை சுற்றுப்புறத்துப் பூமியில் கிடைத்த கற்களும், அவ்வழியே சென்ற பெருவழியுமாகும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்ற நொய்யல், மழைமறைவுப் பிரதேசத்தின் ஊடே ஓடுவதால், பருவமழையில் பெருகி மற்றைக் காலங்களில் மெலிந்து கிடக்கும் இயல்புடையது. கரையை விட்டுச் சிறிது தூரம் நடந்தால் சரளை கலந்த மேட்டுநிலம் வந்துவிடும். கிளுவை முள்வேலி கட்டி, வெள்வேல மரங்களின் அடியில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு ஆடுமாடுகளை மேய்க்கும் கொறங்காடுகளும், வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கும் காடுகளுமே அந்தச் சுற்றுவட்டாரத்தின் தோற்றம். இத்தகைய நிலத்தின் விளைச்சலை மட்டும் கொண்டு, குடியிருப்பும் ஈமக்காடுமாக ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரந்திருந்த ஒரு பழம்பேரூர் பல நூற்றாண்டுகள் செழித்திருக்கும் என்று கொள்வது இயலாது.

ஆனால் மண்ணுக்குக் கீழே நிலைமை வேறு. சென்னிமலைப் பக்கத்தில் இரும்புத் தாது. சிவன்மலைப் பக்கத்தில் நீலக்கல். காங்கயத்தை அடுத்த படியூரில், உரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பி அணிந்த பெரில் என்னும் பச்சைநீல இரத்தினம். அந்தக் கல் இந்தியாவுக்கு வெளியே கிடைப்பது அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் படியூர்ச் சுரங்கத்தை ஐரோப்பியர் தோண்டிப் பொருளீட்டினர் என்பதிலிருந்து அந்நிலத்தின் வளத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரைக் குறிப்பிடுகின்றனர். அரிசில்கிழார் அதனை வேலைப்பாடு மிக்க அணிகலன்களோடு சேர்த்தே பேசுகிறார். அக்கொடுமணமே இக்கொடுமணல் என்னும் கருத்துக்கு, 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகள் வலுவான ஆதாரம் தந்தன. அங்கே கிடைத்த மணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தொழிற்கூடத்தின் நடைமுறை முழுவதும் கண்முன் வரும்: உடைத்த மூலக்கல், செதுக்கிய சில்லு, உருட்டித் தேய்த்தும் துளையிடாத மணி, துளையிட்டும் மெருகேற்றாத மணி, முற்றுப்பெற்ற மணி. முடிந்த சரக்கு மட்டும் கிடைத்திருந்தால் வாங்கி வைத்தது என்று சொல்லிவிடலாம். அரைகுறை மணிகளும் கழிவுச் சில்லுகளும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் அவ்வாறு சொல்ல இடமில்லை. ஒரு கல்லறையில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளத்தின் மூலக்கல் இவ்வட்டாரத்தது அன்று, கூர்ச்சரப் பக்கத்திலிருந்து வந்திருக்கவேண்டியது என்பதே ஆராய்ந்தோர் கருத்து. உள்ளூர்க் கற்களால் தொடங்கிய தொழில், கைத்திறன் முதிர்ந்தபின் வெளியிடத்துக் கற்களையும் தன்னிடம் இழுத்துக்கொண்டது என்றே இதற்கு நான் பொருள் கொள்கிறேன். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள் கீறிய நூற்றுக்கணக்கான ஓடுகளும் உடன் கிடைத்தன. கண்ணன் ஆதன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு சுமணன் போன்ற பிராகிருதச் சார்புள்ள பெயர்களும் அவற்றில் கலந்திருப்பது, பல தேசத்து வணிகர் வந்து பழகிய ஊர் அது என்பதைக் காட்டும்.

அவர்களைக் கொண்டுவந்தது பெருவழி. சேரர் தலைநகரான கரூரிலிருந்து நொய்யற் பள்ளத்தாக்கு வழியே மேற்கே சென்று, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து முசிறித் துறையை அடைந்த அவ்வழியின் மேல் கொடுமணல் இருந்தது. நொய்யற்கரையிலே உள்ள வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய நாணயப் புதையல்களும் அதே வழிக்குச் சாட்சி.

கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் கொடுமணலின் பழைய வாழ்வு ஒடுங்கியது. ஆற்றின் போக்கு அன்றைக்கு மாறிவிடவில்லை; வயல் பாழ்பட்டதற்கும் ஆதாரமில்லை. உரோமாபுரியோடு நடந்த வியாபாரம் தளர்ந்த காலம் அது. ஆற்றினால் வாழ்ந்த ஊர் ஆறு உள்ளவரை வாழ்ந்திருக்கவேண்டும். வழியினால் வாழ்ந்த ஊரோ வழியில் போக்குவரத்துக் குன்றியதும் சிற்றூராயிற்று. என் வாதத்துக்கு இதைக் காட்டிலும் பலமான சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்திலே திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து நொய்யல் கெட்டதும், 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமற் போனதும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னதும் யாவரும் அறிந்தவை. ஆற்றின் கேட்டைப் பற்றி இவ்வளவேனும் பேச்சு இருக்கிறது. ஈமக்காட்டின் அழிவைப் பற்றியோ அதுவும் இல்லை. கல்லறைகளைச் சூழ நட்ட கல்வட்டங்களின் கற்கள் பெயர்க்கப்பட்டு வரப்புக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டன. எஞ்சியவை உழவுக்கு நடுவே நிற்கின்றன. அகழாய்வு தொட்டது அவ்வூரின் ஒரு சிறு பகுதியையே. ஆகவே கொங்கு நாட்டு நிலவுடைமையாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும், எஞ்சிய கல்வட்டங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, படம் வரைந்து, அவை பெயர்க்கப்படுமுன் பதிவு செய்துவைக்க முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.