யாழ் நகரப் பாடசாலைகள்: தெரிவு யார் கையில்?

யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஆனாலும் பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினால் பெற்றோரின் கண் நகரப் பாடசாலைகள் மீதுதான். இது பழைய வழக்கம். மெதடிஸ்த மிஷனரிமார் 1816 இல் தொடங்கிய பாடசாலையே இன்றைய மத்திய கல்லூரி. 1823 இல் பரியோவான், 1850 இல் பத்திரிசியார் வந்தன. மிஷன் கல்விக்கு மாற்றாகச் சைவர்கள் வளர்த்தெடுத்தது யாழ் இந்துக் கல்லூரி.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. யாழ் இந்து, மத்திய கல்லூரி, வேம்படி அரசிடம் போயின. பரியோவான், பத்திரிசியார், சுண்டுக்குளி மகளிர் கல்லூரி ஆகியவை கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றுகொண்டன. தனியார் பாடசாலைகள் மாணவர் அனுமதியைத் தாமே தீர்மானிக்கின்றன.

அரச பாடசாலைகளில் தரம் 1 அனுமதி கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி நடக்கும். பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. மிச்சம் சகோதரர், கல்வித்துறை ஊழியர் என்று பிரியும். யாழ் இந்து, வேம்படி இரண்டிலும் ஆரம்பப் பிரிவு இல்லை. தரம் 6 க்குப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான் வாசல். ரியூசன் கொட்டில்கள் ஏன் மூன்றாம் தரத்திலேயே நிரம்புகின்றன என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

என்னை உறுத்துவது 'அருகில் வசிப்போர்' என்ற பிரிவு. அதற்குக் காணி உறுதி வேண்டும், ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவு வேண்டும். விண்ணப்பித்த பாடசாலையை விடக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நகரில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல, ஊர்க்காணி மீதான உரிமை போய்விடக் கூடாதென்று பதிவை ஊரிலேயே வைத்திருந்தன. இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்தில் பதிவதற்கு 2013 இல் தனிச் சட்டமும் வந்தது. ஊரைக் காப்பாற்றிய அதே பதிவு, நகரப் பாடசாலையின் நேர்முகத்தில் புள்ளியைக் குறைக்கிறது. பிள்ளை தினமும் அந்த மதிலோரமாக நடந்துபோனாலும் கணக்கு கடதாசிக்குத்தான். போரில் இடம்பெயராதவரின் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட விதி இது என்பேன்.

ஆகவே நேர்முகத்துக்கு முன்பே ஆவணங்களைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா, மின்சாரப் பட்டியல் யார் பெயரில் வருகிறது, பெற்றோர் எங்கே பதிந்திருக்கிறார்கள் என்பவை முக்கியம். தற்காலிகப் பெயர்ப்பட்டியல் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். மேன்முறையீட்டுக்குத் தரப்படும் நாட்கள் கொஞ்சம்தான். எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.