ஜெட்டியும் ஜெட்டிசனும்

நேயர்களே, கிள்ளான் பக்கம் போய் வந்தவர்களுக்கு ‘ஜெட்டி’ புதிய சொல் அல்ல. படகும் கப்பலும் அணையும் துறைமேடை அது. அதன் உடன்பிறப்பான இன்னொரு சொல்லை இன்று காண்போம். அது ‘ஜெட்டிசன்’. புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். இரண்டுமே ‘எறிதல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. கரையிலிருந்து கடலுக்குள் எறிந்தாற்போல் நீண்டு நிற்பது ஜெட்டி. கப்பலிலிருந்து கடலுக்குள் எறிவது ஜெட்டிசன்.

பாரம் குறைந்தால் கப்பல் மேலெழும், பிழைக்கும். ஆனால் யாருடைய மூட்டையை எறிவது? ஒருவன் மூட்டை போக, மற்றவர் சரக்கெல்லாம் தப்புகிறது. நட்டம் அவன் ஒருவன் தலையில்தானா?

இல்லை என்றது பழைய சட்டம். கி.பி. 533-இல் ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட உரோமச் சட்டத் தொகுப்பில், ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கிய கடல் நியதி ஒன்று உண்டு. எல்லோருக்காகவும் எறிந்த பொருளின் நட்டத்தை எல்லோரும் பங்கிட்டு ஈடுசெய்ய வேண்டும். கப்பல் உடைமையாளரும் தம் பங்கைத் தர வேண்டும்.

நம் மலாக்காவிலும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. சுல்தான் மஹ்மூட் ஷா காலத்தில் உருவான மலாக்கா கடல் சட்டப்படி, புயலில் சரக்கை எறியும் முன் நக்கோடா, அதாவது கப்பல் தலைவர், கப்பலில் உள்ளவர்களைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும். சரக்கு மிகுந்தவர் மிகுதியாகவும் குறைந்தவர் குறைவாகவும் இழப்பை ஏற்க வேண்டும்.

அந்த மலாக்காவுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்தவர்களில் நம் தமிழ் வணிகரும் உண்டு. மலாய் மொழியின் ‘காப்பால்’ நம் ‘கப்பல்’தான். பிற்காலத்தில் கோலாலம்பூரில் 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலே மஸ்ஜித் இந்தியா. அதன் பெயரால் வழங்கும் தெருவில் நாம் வாங்கும் சேலைக்குப் பின்னாலும் நெடுங்காலக் கடல் வணிகம் இருக்கிறது. அந்தப் பழைய நியதியும் மறையவில்லை. ‘யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகள்’ என்ற பெயரில் உலகக் கப்பல் வணிகத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

நம் முன்னோர் பலர் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வந்து இறங்கியவர்கள். தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மரண சகாய நிதிக்கு எல்லா வீட்டாரும் பணம் கொடுத்தார்கள். கடல் சட்டம் எதையும் படித்து அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரே கப்பலில் இருப்பவர்களுக்கு ஒருவர் இழப்பு மற்றவர்க்கும் உரியது என்பதை வாழ்ந்தே அறிந்திருந்தார்கள்.