ஓடும், ஆனா தப்பு

பத்தையும் இருபதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பதினைந்து. இதையே கணினிக்கு 10 + 20 / 2 என்று எழுதிக் கொடுத்தால் இருபது என்று சொல்லும். முதலில் வகுத்துவிட்டுப் பிறகு கூட்டுவது அதன் வழக்கம். அடைப்புக்குறி போடாதது நம் குற்றம். மென்பொருள் சோதனை வேலையில் இருக்கும் என் அக்கா மகள் இதை ஒரு மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி, "கம்ப்யூட்டர் கோவிச்சுக்கவே கோவிச்சுக்காது மாமா. ஓடும், ஆனா தப்பு. இதுதான் செமான்டிக் எரர்" என்றாள். நான் கேட்டது கணினிப் பாடமில்லை. அவள் மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்த கொரியத் தொடருக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்றுதான் கேட்டேன்.

'செமான்டிக் எரர்' 2022 பிப்ரவரியில் கொரியாவின் வாட்ச்சா ஓடிடி தளத்தில் வந்தது. எட்டே பகுதிகள். ஜொ சூரி என்ற புனைபெயரில் வந்த இணைய நாவல்தான் மூலம். இயக்கம் கிம் சூ ஜொங். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் 'பிஎல்' வகை. அதே ஆண்டு ஆகஸ்டில் இதையே ஒட்டித் தைத்துத் திரையரங்குக்கும் கொண்டுபோனார்கள்.

கதை ஒரு கூட்டு ஒப்படைப்பில் தொடங்குகிறது. வேலையே செய்யாமல் மதிப்பெண் வாங்கிக்கொள்ளும் மாணவர்களைக் கொரியக் கல்லூரிகளில் 'முயிம் சுங்ச்சா' என்று திட்டுவார்கள். டிக்கெட் எடுக்காமல் வண்டி ஏறுவது என்று பொருள். நம் 'ஓசி' கிட்டத்தட்ட அதேதான். கணினித் துறை மாணவன் சூ சாங்வூ அப்படிப்பட்ட ஓசிப் பயணிகளின் பெயர்களை அறிக்கையிலிருந்து நீக்கிவிடுகிறான். நீக்கப்பட்டவர்களில் ஒருவன் வடிவமைப்புத் துறை சீனியர் ஜாங் ஜேயங். அதனால் அவன் பட்டமே தள்ளிப்போகிறது. பழிவாங்க அவன் எடுக்கும் ஆயுதம் சிவப்பு நிறம். சாங்வூவுக்குச் சிவப்பு ஆகாது. தலை முதல் கால் வரை சிவப்பு உடுத்தி அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்காருகிறான். அவன் தினமும் வாங்கிக் குடிக்கும் டப்பா காபியை இயந்திரத்திலிருந்து மொத்தமாக வாங்கித் தீர்க்கிறான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலுக்குள் பிழை புகுந்துவிட்டது.

இனி பெயருக்கு வருவோம். 'செமான்டிக்' கிரேக்க மூலம் கொண்டது. 'சேமா' என்றால் குறி, அடையாளம். ஹோமரின் காலத்தில் புதைமேட்டுக்கும் அதுவே பெயர்: இன்னார் இங்கே கிடக்கிறார் என்று சொல்லும் அடையாளம். சொற்பொருளை ஆராயும் துறைக்கு இந்த வேரிலிருந்து பெயர் எடுத்தவர் மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு அறிஞர்; ஆண்டு 1883. கணினிக்காரர்கள் இதைக் கடன் வாங்கியது நெடுநாள் கழித்து. ஒரு நிரலுக்குப் பொருள் சொல்வது எப்படி என்று ராபர்ட் ஃபிளாய்ட் 1967இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். 'எரர்' லத்தீனிலிருந்து வந்தது. 'எராரே' என்ற வினைக்கு முதற்பொருள் அலைதல், வழி விலகித் திரிதல். தப்புச் செய்தல் என்பது அதிலிருந்து கிளைத்தது. நம் 'தவறு'ம் இப்படித்தான். வழி தவறினான் என்கிறோம், கை தவறியது என்கிறோம், பிறகுதான் தவறு செய்தான்.

கம்பைலர் எழுதும் வல்லுநர்கள் செமான்டிக் எரரை இன்னொரு பொருளிலும் ஆள்வார்கள். எண்ணையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால், வாக்கியம் சரி, ஆனால் வகை பொருந்தவில்லை என்று இயந்திரம் மறுத்துவிடும். அதற்கும் இதே பெயர். நாவலாசிரியர் இந்தப் பெயரைத் தேர்ந்த கெட்டிக்காரத்தனம் இங்கே தெரிகிறது. வகை பொருந்தாத இருவர். ஓடும், ஆனால் எதிர்பார்த்த விடை வராத வாழ்க்கை. நாயகனின் பெயரிலேயே ஒரு விளையாட்டு காதில் விழும். 'சூசாங்' என்று முதல் இரண்டு அசையை மட்டும் சேர்த்துச் சொன்னால் கொரிய மொழியில் 'கருத்துருவானது, அருவமானது' என்று பொருள். தற்செயலாகவே இருக்கட்டும், ரத்தமும் சதையுமான மனிதர்களை விதிகளாகப் பார்ப்பவனுக்கு நல்ல பெயர்.

வாக்கிய அமைப்பில் வரும் பிழை வேறு, பொருளில் வரும் பிழை வேறு. நம் ஊரில் இந்தப் பாகுபாட்டை ஒரு கணினிகூட இல்லாமல் நடத்தியிருக்கிறோம். தருமி கொண்டுவந்த பாட்டில் சொற்குற்றமா பொருட்குற்றமா என்ற வழக்கு மதுரை அவையில் நடந்ததாகத் திருவிளையாடல் கதை சொல்கிறதே, அதுதான் இது. சின்டாக்ஸ் எரர் சொற்குற்றம். செமான்டிக் எரர் பொருட்குற்றம். 

பெயர்க்கதையில் எனக்குப் பிடித்த பகுதி 'பிஎல்' என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. 'பாய்ஸ் லவ்' ஆங்கிலச் சொல்போல் தோன்றினாலும் ஜப்பானில் வார்த்தது, 1990களில் பரவியது. அதற்கு முன் அங்கே புழங்கிய பெயர்களுள் ஒன்று 'யாஒய்'. 1970களின் இறுதியில், தம் கைச்செலவில் சித்திரக்கதை அச்சிட்டுவந்த பெண்கள் தங்களையே கேலி செய்துகொண்டு வைத்த பெயர் அது. யமா நஷி, ஒச்சி நஷி, இமி நஷி: உச்சம் இல்லை, முடிவில் திருப்பம் இல்லை, பொருள் இல்லை. மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்தால் யாஒய். தாய்லாந்துக்காரர்கள் இன்றும் இத்தொடர்களை 'வை சீரிஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'வை' யாஒய் என்பதன் முதல் ஆங்கில எழுத்து.

இதில் மூன்றாவதாக வரும் 'இமி'யைக் கவனியுங்கள். பொருள் என்ற அர்த்தத்தில் ஜப்பானியர் சொல்லும் இந்தச் சொல்லை, அதே இரண்டு சீன எழுத்துகளைக் கொரியர் 'உய்மி' என்று ஒலிக்கிறார்கள். செமான்டிக் எரருக்குக் கொரியத்தில் நேர்ச்சொல் 'உய்மி ஓர்யு'. ஆக, பொருளில்லை என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு பிறந்த ஒரு வகை, நாற்பது ஆண்டுக்குப் பிறகு பொருட்பிழை என்ற பெயரில் வந்து நிற்கிறது. ஆனால் அட்டையில் உய்மி என்ற சொல் இல்லை. ஆங்கிலத்தை ஹங்குல் எழுத்தில் 'சிமென்டிக் எரொ' என்று போட்டுவிட்டார்கள்.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. வகைக்கும் ஆங்கிலப் பெயர், கதைக்கும் ஆங்கிலப் பெயர். 'தொங்சொங்ஏ', அதாவது ஒருபாற்காதல் என்ற கொரியச் சொல்லுக்கு அங்கே சட்டத்தின், தேவாலயத்தின், குடும்பத்தின் சுமை உண்டு. பிஎல் என்ற சொல்லுக்கு அந்தச் சுமை கிடையாது. தொடரும் அந்தச் சுமையைத் தூக்கவில்லை. இருவரின் வீட்டாரும் ஊரார் பேச்சும் கதைக்குள் தடையாக எழுவதேயில்லை. கல்லூரி வளாகத்துக்கு வெளியே உலகம் இருப்பதே தெரியாது. தொடர் முடிந்த மறுமாதம், 2022 ஏப்ரலில், பணி நேரத்துக்கு வெளியே தனியிடத்தில் இசைந்து உறவுகொண்ட ஆண் படைவீரர்களை இராணுவச் சட்டத்தின் 92-6ஆம் பிரிவின் கீழ்த் தண்டிக்க முடியாது என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவரை தண்டித்தார்கள். கொரியாவில் ஏறக்குறைய எல்லா இளைஞர்களும் இராணுவம் போய்வரவேண்டியவர்கள். இந்த நிழல் ஒரு காட்சியில்கூட விழாத காதல் கதை அது. கனவு காண உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொற்குற்றம் இல்லாத நிரல், விடையில் ஏதோ குறைகிறது.

இன்னொன்று, பழிவாங்கும் படலம். பின்தொடர்வதும் இருக்கையைப் பறிப்பதும் பின்னணி இசையோடு வரும்போது சிரிக்கிறோம். இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சிரிப்பு வராது. வெறுப்பு காதலாகும் இடத்தையும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். அந்தத் திருப்பத்துக்கு இன்னும் இரண்டு பகுதிகள் கொடுத்திருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் எட்டையும் பார்த்தேன். காரணம் சாங்வூவாக வரும் பார்க் ஜேசான். கறுப்புத் தொப்பியைக் கண்வரை இறக்கி, தோளை மரப்பலகைபோல் வைத்துக்கொண்டு, நேர்கோட்டில் நடக்கிறார். சிவப்புச் சட்டை குறுக்கே வந்தால் முகத்தில் ஒன்றும் மாறாது. நடையில் அரை நொடி தடங்கல் மட்டும். ஜேயங்காக வரும் பார்க் சொஹாம் அதற்கு நேர்மாறாகச் சோம்பலாக, கைகால் பரப்பிக்கொண்டு திரிகிறார். 'எராரே', அலைபவன். இருவரையும் இணைப்பது வேலை என்பதும் எனக்குப் பிடித்தது. சாங்வூ உருவாக்கும் விளையாட்டுச் செயலிக்கு ஓவியர் தேவை. எதிரியின் கைவண்ணம் அசல். பிடிக்காதவனின் திறமைக்குத் தலைவணங்க வேண்டிய சங்கடம் இருக்கிறதே, அதை அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் அறிவார்.

தமிழில் இத்தொடருக்குப் பெயர் வைக்கச் சொன்னால் 'பொருட்குற்றம்' என்று வைக்கமாட்டேன். நம் இலக்கணத்தில் இன்னும் நயமான ஒரு சொல் இருக்கிறது. திணை மயங்கினாலும் பால் மயங்கினாலும் அது வழு. ஆனால் மகளை 'வாடா ராசா' என்று கொஞ்சும் தாயை எந்த இலக்கண ஆசிரியரும் திருத்தப் போவதில்லை, அது வழுவமைதி. வழுதான், ஆனால் ஏற்கிறோம். இப்படித் திணையும் பாலும் பிறழ்வதை இயல்பென்று ஒப்புக்கொள்ள நன்னூல் ஐந்து காரணங்கள் தருகிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. மகிழ்ச்சியும் அதில் உண்டு, கோபமும் உண்டு. செறலில் தொடங்கி உவப்பில் முடியும் கதைக்கு வேறென்ன பெயர் வேண்டும்?

அக்கா மகளிடம் சொன்னேன். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வழுவமைதின்னு பேர் வச்சா ஒருத்தரும் கிளிக் பண்ண மாட்டாங்க மாமா" என்றாள். திரையில் சிவப்புச் சட்டை மறுபடியும் குறுக்கே வந்தது.